அன்று மழை பெய்யவில்லை

அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் மழை கொட்டும். கல்யாணப் பந்தலுக்கு வெளியே அக்கா நனைந்துகொண்டு நிற்பாள். உள்ளே மணையில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு அவள் வந்ததே தெரியாது. தாலி கட்டி முடித்து அவன் நிமிரும்போது வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். சேற்றில் ஒரு கால்தடம் மட்டும் தெரியும். அதிலும் தண்ணீர் நிறைந்துகொண்டிருக்கும். கறுப்பு வெள்ளைப் படம். ஊர் ஊராகச் சனங்கள் அந்தக் கால்தடத்தைப் பார்த்து அழுதார்கள். கதை என்னுடையது.

அந்த மழைக்காக ஸ்டுடியோவில் தண்ணீர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்திக் குழாயால் பீய்ச்சினார்கள். நான் ஒதுங்கி நின்று பார்த்தேன். அந்தக் கதையில் நான் சேர்த்த பொய்களில் மழை சின்னப் பொய்.

உண்மையில் அன்று வெயில். என் கல்யாணம் வைகாசியில் நடந்தது. பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டின் முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். அதற்கு வெளியே, கண் கூசுகிற வெயிலில், என் அக்கா வந்து நின்றாள். வால்பாறையிலிருந்து மலை இறங்கி வந்திருந்தாள். புதுச்சேலை கட்டியிருந்தாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை அழைத்து அவன் பக்கத்தில் நிறுத்துவார்கள். புதுச்சேலையின் ஒரு முனையை அவன் கக்கத்திலும் மறுமுனையை அவள் கையிலும் கொடுப்பார்கள். பெண்டாட்டி வந்தாலும் பொறந்தவள் உறவு அறாது என்று அதற்குப் பொருள். எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். என்னைவிட நாலு வயது மூத்தவள். என்னைக் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் செய்துகொண்ட கல்யாணம் எங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ள முடியாத கல்யாணம். அவள் புருஷனுடைய அப்பாவும் தாத்தாவும் எங்கள் தோட்டத்தில் பண்ணையாட்களாக இருந்தவர்கள். அவர்கள் குடும்பம் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, வால்பாறையில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனார். அக்கா ஒருநாள் அங்கே போய்விட்டாள். அப்பா அன்றிலிருந்து அவள் பேரைச் சொல்லவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் செய்ததற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

சீர்களை நடத்துகிற அருமைக்காரர் “இணைச்சீர்க்காரியைக் கூப்பிடுங்க” என்று குரல் கொடுத்தார். பெரியப்பா மகள் பட்டுச் சேலையில் தயாராக நின்றாள். அப்போதுதான் நான் வாசல் பக்கம் திரும்பினேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு எட்டு முன்னால் வைத்தாள். என் முதுகுக்குப் பின்னால் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் தலையை லேசாக அசைத்தேன். வேண்டாம் என்று. பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஈயை விரட்டியது போலத் தெரிந்திருக்கும். அவளுக்குப் புரிந்தது. முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். பெரியப்பா மகள் வந்து சேலை முனையைப் பிடித்தாள்.

பிறகு நான் கல்லூரியில் தமிழ் வாத்தியார் ஆனேன். அதைக் கதையாக எழுதினேன். எழுதும்போது தம்பியைக் குருடாக்கினேன். மழை, கும்பல், ஓமப்புகை எல்லாம் அவன் கண்ணை மறைக்க நான் கொண்டுவந்து வைத்தவை. எங்கள் கல்யாணத்தில் ஓமமே கிடையாது.

அப்பா போன பிறகு தடுக்க யாரும் இல்லை. அப்புறமும் நான் அக்காவிடம் போகவில்லை. போனால் அந்தத் தலையசைப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அவர்கள் மலையிலிருந்து இறங்கி, மகளுக்கு நர்ஸ் வேலை கிடைத்த மதுக்கரைக்கு வந்துவிட்டார்கள் என்று தெரியும். என் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம். அவள் புருஷன் இறந்த செய்தி போனில் வந்தபோது மாலை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் உக்கடத்தில் இறங்கி, மாலையை அங்கிருந்த ஒரு பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். யாருடைய மாலை என்று ஒருத்தர் பின்னாலிருந்து கூப்பிட்டார். நான் திரும்பவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோது, புதிதாக வந்த தனியார் டிவி ஒன்றிலிருந்து ஒரு இளைஞர் தேடி வந்தார். தாடி வைத்த இயக்குநர், சென்னைக்காரர். அந்த வருஷம் எங்கள் வீட்டிலும் ஒரு பரபரப்பு. என் மகனுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

“பார்ட் டூ சார்,” என்றார் அவர் உட்கார்ந்ததும். “பொங்கல் அன்னிக்கு சாயங்காலம் போடறோம். டிவிக்காகவே எடுக்கற படம். குடும்பமே உக்காந்து பாக்கணும். நல்லா அழணும். ஆனா முடியறப்ப சிரிச்சிக்கிட்டே சாப்பிடப் போகணும்.”

“அந்தப் படம் அங்கேயே முடிஞ்சுபோச்சுங்களே,” என்றேன்.

“எங்க சார் முடிஞ்சுது? அக்கா சாகலையே?”

“சாகலை.”

“உயிரோடதான இருக்காங்க?”

“இருக்காங்க,” என்றேன். மதுக்கரையில் இருக்கிறாள் என்று சொல்லவில்லை.

அவர் கதையை விரலால் மேஜையில் வரைந்து காட்டினார். தம்பிக்கு வயதாகிவிட்டது. அவன் வீட்டில் கல்யாணம். அக்காவைத் தேடிக் கிளம்புகிறான். பொங்கல் பானை பொங்கும்போது இரண்டு பேரும் சேருகிறார்கள். சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

“ஒண்ணு இடிக்குது சார். முதல் படத்துல தம்பி மேல தப்பே இல்லை. அவன் பாக்கவே இல்லை. தப்பே பண்ணாதவன் எதுக்கு இத்தனை வருஷம் போகாம இருந்தான்? மறுநாளே பஸ் ஏறிப் போய் ‘பாக்கலைக்கா’ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு. ரெண்டாம் பாகமே கிடையாது.”

நான் எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனேன். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

“அவன் பாத்துட்டான்னு வெச்சுக்கலாம்,” என்றேன்.

“சார்?”

“அக்கா நிக்கறதைப் பாத்துட்டான். வர வேண்டாம்னு தலையாட்டிட்டான்.”

அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “சார், இதை எப்படி சார் இத்தனை வருஷம் வெச்சிருந்தீங்க? இதுதான் சார் கதை!”

எழுதுவதற்கு உட்காரவே முடியவில்லை. ஒரு வசனம் எழுதுவேன், எழுந்து மாடிக்குப் போவேன், தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன், இறங்கி வருவேன். காந்திபுரத்துக்குப் போய் எந்தப் பஸ் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். மதுக்கரை என்று போர்டு போட்ட பஸ்ஸில் ஒருநாள் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டதும் “தப்பா ஏறிட்டனுங்க” என்று இறங்கிவிட்டேன்.

என் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது. எங்கள் பக்கம் பொறந்தவளைப் பத்திரிகை கொடுத்து அழைப்பதில்லை. சேலை எடுத்து, வெற்றிலை பாக்குப் பழத்தோடு தட்டில் வைத்து, வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டும். போனால் என்ன பேசுவது? பேசவேண்டியதை முதலில் டிவி பேசிவிடட்டும். அவள் பார்த்து அழுதுவிடட்டும். மறுநாள் நான் சேலையோடு போய் நின்றால் போதும், வார்த்தையே தேவைப்படாது. இப்படி நினைத்தேன். கூச்சப்படுகிறவன் செய்கிற தந்திரம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரிய தைரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவிக்கு மட்டும் அது பிடிபட்டது. தன் கல்யாணத்தில் வாசலில் யார் நின்றது என்று அவளுக்கு எப்போதோ தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

“ஏனுங்க, நங்கையாளைக் கூப்பிடப் போகலீங்களா? நாளு நெருங்குதுங்க.” நங்கையாள் என்றால் எங்கள் பக்கம் நாத்தனார்.

“பொங்கல் முடியட்டும். படம் வரட்டும்.”

“படம் வந்தா?”

“அவங்க பாப்பாங்க இல்ல.”

அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள். “பொறந்தவளைக் கூப்பிட ஊருல எல்லாரும் சேலை எடுத்துட்டுப் போவாங்க. நீங்க ஆன்டெனாவை எடுத்துட்டுப் போறீங்களாக்கு.”

படப்பிடிப்பு பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு பழைய வீட்டில் நடந்தது. முதல் படத்தின் பிரதி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் பந்தல் காட்சியைப் புதிதாக எடுத்தார்கள். மழை வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். “மழை இல்லாம ஜனங்க அடையாளமே கண்டுக்கமாட்டாங்க சார்,” என்றார் இயக்குநர். எனவே மறுபடியும் தண்ணீர் லாரி.

தம்பியாக நடித்த பையனுக்குத் தலையசைப்பு சரியாக வரவில்லை. பஸ்ஸுக்குக் கை காட்டுகிறவன் மாதிரி பெரிதாக ஆட்டினான். இரண்டு மூன்று தடவை எடுத்தார்கள். இயக்குநர் என் பக்கம் திரும்பி, “சார், நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்,” என்றார்.

நான் போய் மணையில் உட்கார்ந்தேன். வாசலில், குழாய்த் தண்ணீரில், அக்கா வேஷம் போட்ட பெண் நின்றிருந்தாள். யாரோ சொல்லிக்கொடுத்தபடி அவள் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். நான் தலையை அசைத்தேன். அது அப்படியே என் கழுத்தில் இருந்தது, கொஞ்சம்கூட மாறாமல். சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். “பாத்தியா, அதான்! ஈ விரட்டற மாதிரி!” என்று இயக்குநர் பையனிடம் சொன்னார். நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய், சாப்பாட்டு வேளை வரைக்கும் வரப்பில் நடந்துகொண்டே இருந்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மதுக்கரைக்குப் போன் செய்தேன். அக்கா வீட்டில் போன் இல்லை. சாவுச் செய்தி வந்த பக்கத்து வீட்டு நம்பர் என்னிடம் இருந்தது. ஒரு பெண் எடுத்தாள்.

“ஏனுங், யாருங் பேசறது?”

“பக்கத்து ஊட்டு டீச்சரம்மாவோட தம்பிங்க.” வாத்தியாரைக் கட்டியதால் அவளை எல்லோரும் டீச்சரம்மா என்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

“கதை எழுதற தம்பிங்களா? அட, இருங்க இருங்க, இதோ கூப்பிடறனுங்க. அவங்க வாசல்லதான் துணி காயப்போட்டுட்டு இருக்கறாங்க.”

“வேண்டாமுங்க! கூப்பிட வேண்டாமுங்க. பொங்கலன்னைக்குச் சாயந்திரம் டிவி பாக்கச் சொல்லுங்க. நான் எழுதின படம் வருதுன்னு சொல்லுங்க. போதுமுங்க.”

அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டேன். வாசலில்தான் இருக்கிறாள் என்று அந்தப் பெண் சொன்னது அன்று முழுக்கக் காதில் இருந்தது.

பொங்கலன்று சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். நான் உட்காரவில்லை. சமையலறைக் கதவுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். பவுடர் விளம்பரமும் பம்புசெட் விளம்பரமும் முடிந்து அந்தக் காட்சி வந்தது. வயதான தம்பி அக்காவின் காலடியில் உட்கார்ந்து, “நான் உன்னைப் பாத்தேன்கா. பாத்துட்டுத்தான் போகச் சொன்னேன்,” என்று அழுதார். எங்கள் ஹாலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. படம் முடிந்ததும் போன் அடிக்கத் தொடங்கியது. பழைய மாணவர்கள், உடன் வேலை பார்த்தவர்கள். ஒவ்வொரு தடவையும் மதுக்கரை என்று நினைத்து எடுத்தேன். “என்னங்க ஐயா, எல்லாரையும் அழ வெச்சுப் போட்டீங்க,” என்றார்கள்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். காந்திபுரத்தில் எடுத்து வைத்திருந்த சேலையைத் தட்டோடு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மனைவியும் வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இந்த முறை உக்கடத்தில் இறங்கவில்லை.

அவள் வீட்டு வாசலில் இருந்த முருங்கையின் இலை எல்லாம் பக்கத்து ஆலையின் சிமெண்ட்டுத் தூசி படிந்து சாம்பல் நிறத்தில் இருந்தது. அக்கா மெலிந்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை. கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“வா,” என்றாள். “உக்காரு. பஸ்ஸுல கூட்டமா?”

கண்ணு என்று சொல்லவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். சுவரில் அவள் புருஷனின் படமும் பக்கத்தில் ஒரு சிலுவையும் இருந்தன. தட்டை எடுத்து, சேலை, வெற்றிலை, பழம் எல்லாம் வைத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. சேலையை மட்டும் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“யாரு எடுத்தா?”

“நான்தான்கா.”

“அதானே. பார்டரு இம்புட்டுப் பெருசா, ஆம்பளை எடுத்த மாதிரி இருக்குது.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“பையனுக்குக் கல்யாணம்கா. நீ வரணும்.”

“ம்.”

“நேத்துப் படம் பாத்தியா?”

“பாத்தோம். பக்கத்து ஊட்டம்மா போய்ச் சொல்லி, இந்த லைன்ல இருக்கற அத்தனை பேரும் வந்துட்டாங்க. ஊடு கொள்ளலை. நாந்தான் எல்லாத்தையும் கூப்பிட்டு உக்கார வெச்சேன், என்ற தம்பி எழுதுனதுன்னு.” சேலையிலிருந்து விரலை எடுத்தாள். “அன்னைக்கு எங்க மழை பெஞ்சுது?”

“பெய்யலைக்கா.”

“வெயிலு. தலை பொளந்துபோகற வெயிலு. மழைன்னா நானு தலையில முக்காடு போட்டுட்டு உள்ள வந்திருப்பேன், யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

நான் நினைத்துவைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது. “தப்பு பண்ணிட்டேன்கா. இத்தனை வருஷம் கழிச்சாவது உண்மையைச் சொல்லணும்னு...”

“யாருகிட்டச் சொன்னே?”

நான் தட்டில் வெற்றிலையை நகர்த்தி வைத்தேன்.

“என்ற கிட்டச் சொல்றதுக்கு என்ன இருக்குது? நாந்தான் அங்க நின்னவ. எனக்குத் தெரியாதா? நீ தலையாட்டுனதைப் பாத்துட்டுத்தானே திரும்புனேன்.” அவள் குரல் உயரவில்லை. “அன்னைக்கு மலைக்குப் போனதும் அவரு கேட்டாரு, தம்பி என்ன சொன்னான்னு. அவன் பாக்கலைங்க, கும்பல்ல அவனுக்குத் தெரியலைங்கன்னு சொன்னேன். பாத்திருந்தா மணையை உட்டு எந்திரிச்சு வந்திருப்பானுங்கன்னு சொன்னேன். புள்ளை பொறந்து வளந்து கேட்டா, அவகிட்டயும் அதையேதான் சொன்னேன். உன்ற மொதப் படம் வந்தப்போ வால்பாறையில டிக்கெட் எடுத்து அவரைக் கூட்டிட்டுப் போனேன். பாருங்க, அவனே எழுதியிருக்கறான், பாக்கலைன்னு. இந்தத் தெருவுலயும் அதேதான். எனக்கும் ஒரு பொறந்த ஊடு இருக்குது, என்னவோ ஆயிப்போச்சு, ஆனா என்ற தம்பி என்னை ஒதுக்கலைன்னு சொல்லிச் சொல்லித்தான் நான் இத்தனை நாளு தலை நிமுந்து இருந்தேன். நேத்து டிவில அவன் ‘பாத்தேன்கா’ங்கறான். ஊடு நெறைய இருந்த சனம் டிவியை உட்டுட்டு என்னைத் திரும்பிப் பாக்குது.”

நான் தட்டைக் கீழே வைத்தேன். மணையிலிருந்து ஆட்டிய தலையை அவளும் நானும்தான் பார்த்திருந்தோம். அதை அவள் மூடிவைத்து, அதன் மேல் ஒரு வாழ்க்கையைக் கட்டியிருந்தாள். மூடியை நான் எடுத்தது என் மனம் லேசாவதற்காக. அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பக்கத்து வீட்டில் போனைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி ‘வாசல்லதான் இருக்கறாங்க’ என்று சொன்னாளே, அப்போதாவது.

வாசலில் நிழல் தட்டியது. பக்கத்து வீட்டுப் பெண்தான். போனில் கேட்ட குரல். கையில் ஒரு சின்னத் தூக்கில் பொங்கல் கொண்டுவந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“ஏனுங் டீச்சரம்மா, இவருதானுங்களா?”

“இவன்தான்.”

அந்தப் பெண் தூக்கைக் கொடுக்காமல் என்னையே பார்த்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள். “நேத்துப் படத்துல வந்துதுங்களே, அது நெசமுங்களா?”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “அவனையே கேளுங்க,” என்றாள். அவள் முகத்தில் கெஞ்சல் இல்லை, மிரட்டல் இல்லை. நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தாள், அவ்வளவுதான். பந்தலில் ஒரு எட்டு வைத்துவிட்டு என்னைப் பார்த்தாளே, அதே பார்வை.

“இல்லீங்க,” என்றேன். “அது டிவிக்காரங்க சேத்ததுங்க. ரெண்டாவது படம் எடுக்கறதுக்கு ஏதாச்சும் வேணுமுங்களே. நான் அக்காவைப் பாக்கலீங்க. பாத்திருந்தா எந்திரிச்சுப் போயிருப்பனுங்க.”

“அப்படிச் சொல்லுங்க!” அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. “நான் நேத்தே எங்க ஊட்டுக்காரருகிட்டச் சொன்னனுங்க. கூடப்பொறந்தவ மழையில நிக்கறதைப் பாத்துட்டு எந்த மனுசனாச்சும் போன்னு சொல்லுவானா, இதெல்லாம் கதைக்குன்னு கட்டறதுன்னு. இருங்க, எல்லாத்துகிட்டயும் சொல்லிப்போட்டு வாரேன்.”

தூக்கை வைத்துவிட்டுப் போனாள். அவள் அடுத்தடுத்த வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போவது உள்ளே கேட்டது. ‘எந்த மனுசனாச்சும்’ என்ற வார்த்தை ஒவ்வொரு வாசலிலும் வந்தது. என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே நல்ல பொய் அது; அன்றைய தலையசைப்புக்கு அந்த வார்த்தை தண்டனையாகப் போதாது என்று தோன்றியது.

அக்கா எழுந்து தட்டைத் தரையிலிருந்து எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். சேலையைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“காப்பி குடிக்கறயா, கண்ணு?” என்றாள்.

மாலையில் அக்காவின் மகள் டியூட்டி முடிந்து வந்து, என்னைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். அவளை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அக்காவின் நெற்றி, அவள் அப்பாவின் நிறம். தெருவைத் தாண்டும்வரை முன்னால் நடந்தாள். பிறகு, “மாமா, நீங்க சொன்னது அம்மாவுக்கு நல்லதுங்க,” என்றாள்.

“உனக்குத் தெரியுமா, அம்மணி?”

“அப்பாவுக்கே தெரியுமுங்க. அன்னைக்கு அம்மாவைத் தனியா அனுப்ப மனசில்லாம, அவரும் அடுத்த பஸ்ஸுல வந்திருந்தாருங்க. உங்க தோட்டத்துக்கு முன்னால ரோட்டு மேல, புளிய மரத்துக்குப் பின்னால நின்னு, நீங்க வாசலைப் பாத்ததையும் அம்மா வெச்ச காலைப் பின்னால எடுத்ததையும் பாத்திருக்கறாரு. அம்மாவுக்கு அது இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவன் பாக்கலைங்கன்னு அம்மா சொன்னப்போ, ஆமா, கும்பல்ல எப்படித் தெரியும்னு அவரும் சொல்லிட்டாருங்க. சாகறதுக்கு முன்னால என்கிட்டச் சொன்னாரு. அம்மாவைக் கேட்டுறாதே, அவ அப்படியே நெனச்சுட்டு இருக்கட்டும்னாரு.”

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸிலும் ஏறவில்லை. அவள் பொறுமையாக நின்றாள். என் அக்காவைக் காப்பாற்ற ஒரு மனிதர் ஆயுள் முழுக்க ஒன்றும் தெரியாதவராக இருந்திருக்கிறார். அவருக்கு வாங்கிய மாலையைத்தான் நான் உக்கடத்தில் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன்.

அக்கா இப்போது இல்லை. இதை எழுதலாமா என்று அவள் மகளைக் கேட்டேன். அவள் பல நாள் யோசித்துவிட்டு, “அந்தத் தெருவே இப்போ இல்லீங்க மாமா, எழுதிக்குங்க,” என்றாள். இந்த ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுகிறேன். அந்த டிவி படத்தை அதன்பிறகு பல பொங்கல்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பாட்டு ஆரம்பிக்கும்போதே நான் எழுந்து வெளியே போய்விடுவேன். தெருமுனை வரை நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன்.

அக்கா வீட்டுக்குப் போய்வந்த அந்தத் தை மாதக் கடைசியில் என் மகனின் கல்யாணம் நடந்தது. மண்டபத்துக்கு நாங்கள் போகும்போது இன்னும் சரியாக விடியவில்லை. மேளக்காரர்கள்கூட வந்திருக்கவில்லை. மண்டபத்துக் காவலாளி கதவைத் திறந்துகொண்டே, “உங்க சொந்தக்காரங்க ஒருத்தர் எப்பவோ வந்துட்டாங்களுங்க,” என்றான். உள்ளே, காலியாகக் கிடந்த நாற்காலிகளில் முதல் வரிசையில், நடு நாற்காலியில், அந்தப் பெரிய பார்டர் சேலையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகள் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள்.

கூட்டம் வந்தது. சொந்தக்காரர்கள் அவளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், வணக்கம் சொன்னார்கள். என் மனைவி முதல் ஆளாகப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இணைச்சீருக்கு என் மகள் அண்ணன் பக்கத்தில் வந்து நின்று சேலை முனையைப் பிடித்தாள். நான் மேடை ஓரத்தில் நின்றேன். நிற்க முடியவில்லை. அருமைக்காரர் என்னவோ கேட்டார், நான் கவனிக்கவில்லை. மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வெயில் ஏறியிருந்தது. யாரோ வருவார்கள், நிற்பார்கள், நான் ஏதாவது செய்துவிடுவேன் என்று பயந்துகொண்டு பார்த்தேன். பார்வையை இழுத்து மகன் பக்கம் வைப்பேன். அது மறுபடி வாசலுக்குப் போய்விடும்.

முதல் வரிசையிலிருந்து அக்கா கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். மேளச் சத்தத்தில் குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“அங்க என்ன கண்ணு பாக்கறே? நான் இங்கதான் உக்காந்திருக்கறேன்.”